பிள்ளைகள் முன் நடிக்க வருகிறவருக்கு

வாரம் முழுவதும் வேறொரு வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் பள்ளி மைதானத்திலோ ஊர்நூலகத்திலோ குழந்தைகளுக்காக நாடகம் போட விரும்புகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவன்தான். எங்கள் குழுவில் ஏழு பேர். இருவர் ஆசிரியர்கள், ஒருவர் தையற்கடை வைத்திருப்பவர், மற்றவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். எங்கள் சொத்து ஒரு டோலக், ஒரு ஜோடி ஜால்ரா, ஒரு பிரம்புக்கூடை நிறையத் துணிகள். பல ஆண்டுகளாக இதைச் செய்துவருவதில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். பெரியவர்களுக்கு நடிப்பவர் தம் வசனத்தை நன்றாகச் சொல்லிவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. பிள்ளைகளுக்கு நடிப்பவருக்கோ வசனத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் வேலை தொடங்குகிறது, ஏனென்றால் அவர்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலுக்கு இடம்விட்டு, அதைக் காதில் வாங்கி, அதற்கேற்ப அடுத்த அடியை வைப்பதைத்தான் புதிதாக வருகிறவர் முதலில் கற்க வேண்டும்.

குழந்தைகள் நாடகம் என்றதும் புதியவர்கள் பெரும்பாலும் குரலைக் கீச்சென்று மாற்றிக்கொள்கிறார்கள், கண்ணை உருட்டுகிறார்கள், ஒவ்வொரு சொல்லையும் மழலையில் தோய்த்து எடுக்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தை மழலை பேசுவதில்லை. தன்னிடம் ஒரு பெரியவர் மழலை பேசினால், தன்னை இவர் மதிக்கவில்லை என்பதை உடனே தெரிந்துகொள்கிறது. எனவே புலியாக நடிப்பவர் முதலில் செய்யவேண்டியது, புலிக்கு உண்மையிலேயே பசிக்கிறது என்று நம்புவதுதான். ஒத்திகையின் முதல் நாளில் ஒவ்வொரு நடிகரையும் தம் பாத்திரத்துக்கு இந்தக் காட்சியில் என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதச் சொல்வோம். 'புலிக்கு இன்று சாப்பாடு வேண்டும்', 'முயலுக்கு இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும்' என்ற அளவில் அது இருந்தால் போதும். அந்தத் தேவை மனத்தில் தெளிவாக இருந்தால் உடம்பு தானாக அசையும்; அது இல்லாதபோதுதான் கை கால்களை வீணாக ஆட்டத் தோன்றும்.

நம்மிடம் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. தெருக்கூத்தில் கதைசொல்லியாகவும் கோமாளியாகவும் வரும் கட்டியங்காரன், ராஜாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் பாயில் உட்கார்ந்திருப்பவரோடும் பேசிவிட்டு, விட்ட இடத்திலேயே கதையைப் பிடித்துக்கொள்வான். குழந்தைகள் நாடகக்காரருக்கு அவனைவிடச் சிறந்த ஆசான் இல்லை. வட மாவட்டங்களில் கோடைகாலத் திருவிழாக்களில் இரவு முழுவதும் நடக்கும் கூத்தில் ஒன்றையாவது, கட்டியங்காரனை மட்டும் கவனிப்பது என்ற முடிவோடு போய்ப் பாருங்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கியது போன்ற பாலசபைகளில் சிறுவர்கள் பெரியவர்களுக்காக நடித்தார்கள். நாம் செய்வது அதற்கு நேர்மாறானது. அதற்கான வழியை உழைத்து உண்டாக்கியவர்கள் பின்னால் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் சிறுவர் அரங்கைப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனார். புதுச்சேரியில் வேலு சரவணன் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளுக்காகவே நடித்துவருபவர். அவர் ஆட்டத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நாடகத்தைப் பார்ப்பதோடு, எதிரில் இருக்கும் பிள்ளைகளின் முகங்களையும் பாருங்கள். நடிப்பு முன் அனுபவம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் கலைக்குழுக்களில் ஆடிப் பாடி நடித்தவர்களில் பலர் அதற்குமுன் மேடையே ஏறாதவர்கள்.

நாடகத்தின் நீளம், பார்க்கும் வயதைப் பொறுத்தது. அங்கன்வாடி வயதுப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் போதும். ஐந்திலிருந்து எட்டு வயது வரை முப்பது முதல் நாற்பது நிமிடம் தாங்கும். அதற்கு மேற்பட்ட வகுப்பினருக்கு ஒரு மணி நேரம் வரை போகலாம், கதையில் சிக்கல் இருந்தால். எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்துத் தலைமையாசிரியர் நாடகம் கேட்கும்போது, மரியாதையாக மறுத்து, இரண்டு முறை ஆடித் தருகிறோம் என்று சொல்வதே நல்லது. கூட்டம் நூற்றைம்பதைத் தாண்டினால் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு நம் முகம் தெரியாது. முகம் தெரியாத பிள்ளை அடுத்தவன் முதுகில் விளையாடத் தொடங்கும். அதில் பிள்ளையின் தவறு ஒன்றும் இல்லை.

ஒத்திகைக்கு வருவோம். வசனத்தை மனப்பாடம் செய்வதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வசனம் நாக்கில் நிற்காதவரால் பிள்ளை சொல்வதைக் கேட்க முடியாது, அவர் காது தம் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருக்கும். ஆனால் மனப்பாடம் செய்யும்போதே இடைவெளிகளையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். பிள்ளைகள் பேசக்கூடும் என்று நினைக்கிற இடங்களிலெல்லாம் எங்கள் பிரதியில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவைப்போம். ஒத்திகையில் ஒருவர் கீழே உட்கார்ந்து, அந்த வட்டம் வரும்போது வாயில் வந்ததைச் சொல்வார். நடிப்பவர் அதை வாங்கிக்கொண்டு மூன்று வரிகளுக்குள் கதைக்குத் திரும்ப வேண்டும் என்பது எங்கள் கணக்கு. பெரியவர்கள் குழந்தைபோல் கேள்வி கேட்பதற்கும் உண்மையான குழந்தை கேட்பதற்கும் வெகுதூரம் என்பதால், முதல் அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஒத்திகை நடக்கும் தெருவிலிருந்து ஐந்தாறு பிள்ளைகளை, பெற்றோரிடம் சொல்லிவிட்டு, கூட்டிவந்து உட்காரவைத்து முழு நாடகத்தையும் ஆடிக்காட்டுவோம். அந்த ஒரு நாளில் தெரிந்துகொள்வதை இருபது ஒத்திகைகளில் தெரிந்துகொள்ள முடியாது. அவர்கள் எந்த இடத்தில் மண்ணைக் கிளறத் தொடங்குகிறார்களோ அந்த இடத்தில் வசனம் அதிகம் என்று பொருள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் நாடகம் ஒன்றில் முயல் ஆலமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், புலி வந்து பிள்ளைகளைப் பார்த்து, "இந்தப் பக்கமாக ஒரு முயல் வந்ததா?" என்று கேட்கும். பிள்ளைகள் "வரவே இல்லை" என்று கத்தி முயலைக் காப்பாற்றுவார்கள் என்று நினைத்துத்தான் எழுதியிருந்தோம். முதல் பள்ளியில் அப்படியே நடந்தது. இரண்டாவது பள்ளியில் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து நின்று, "அந்த மரத்துக்குப் பின்னாடிதான் இருக்கு" என்று கையை நீட்டிக் காட்டிவிட்டான். பொய் சொல்லக்கூடாது என்று அன்று காலைதான் வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்களாம். புலியாக நடித்தவர் அதைக் கேட்காததுபோல் எதிர்ப்பக்கம் ஓடினார். உடனே கூட்டம் முழுவதும் சலசலத்து, "அங்கே இல்லே, இங்கே" என்று கூவத் தொடங்கியது. பத்து நிமிடத்துக்கு நாடகம் எங்கள் கையில் இல்லை. புலிக்குக் காது கேட்கவில்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். ஆகவே இன்னும் உரக்கச் சொன்னார்கள். அவர்கள் நமக்கு உதவிக்கொண்டிருந்தார்கள். பிறகு நாங்கள் அந்த இடத்தை மாற்றினோம். இப்போது யாராவது காட்டிக்கொடுத்தால், புலி நின்று அந்தப் பிள்ளையை உற்றுப் பார்த்து, "நீ உண்மையைத்தான் சொல்கிறாயா, இல்லை என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா? நேற்று ஒரு கிளி இப்படித்தான் சொல்லி என்னை முள்ளுக்குள் விட்டது" என்று யோசித்தபடி மெதுவாக மரத்தை நோக்கி நடக்கும். அந்த நடைக்குள் முயலுக்கு வேறிடம் மாற நேரம் கிடைக்கிறது. சொன்ன பிள்ளையின் சொல்லும் வீண்போகவில்லை. கேட்ட கேள்விக்குப் பிள்ளை தரும் எந்தப் பதிலையும் கேட்காததுபோல் கடந்துபோகக் கூடாது. கேட்க மனமில்லாத கேள்வியைக் கேட்கவே வேண்டாம்.

கூட்டம் ஆரவாரம் செய்யும்போது அதற்கு மேலே குரலை உயர்த்துவது பயன்தராது. நூறு பிள்ளைகளின் குரலை ஒருவர் தொண்டையால் வெல்ல முடியாது, தொண்டைதான் கட்டும். அதற்குப் பதில் அசையாமல் நில்லுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் எல்லோரும் ஒரே நொடியில் சிலைபோல் நின்றால், என்ன ஆயிற்று என்று பார்க்கவே பிள்ளைகள் அடங்குவார்கள். அடங்கியதும் அடுத்த வசனத்தை வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில், இரகசியம் சொல்வதுபோல் தொடங்குங்கள். டோலக் வாசிப்பவரோடு முன்கூட்டியே ஓர் ஒற்றைத் தட்டைப் பேசிவைத்துக்கொள்வதும் உதவும். வாயில் விரலை வைத்து 'உஷ்' என்பதும், ஆசிரியரைக் கூப்பிட்டு அதட்டச் சொல்வதும் நம் வேலை அன்று. ஆசிரியர் குச்சியோடு நடுவில் வந்து நின்றுவிட்டால் அந்தக் கணத்தில் நாடகம் வகுப்பாகிவிடும். ஆட்டம் தொடங்குமுன்பே ஆசிரியர்களிடம், பிள்ளைகள் சத்தம் போடுவது எங்களுக்கு வேண்டியதுதான் என்று சொல்லிவையுங்கள்.

குரலைப் பொறுத்தவரை, திறந்தவெளியில் ஒலிபெருக்கி இல்லாமல் ஆடப் பழகுவதே நல்லது. பள்ளிக்கூடத்து மைக் பாதி வசனத்தில் கீச்சிடும். கையில் பிடித்தால் ஒரு கை போய்விடும். ஆட்டத்துக்கு முன் கால்மணி நேரம், வாயை மூடி முனகலாகத் தொடங்கி மெல்ல மெல்லக் குரலைத் திறக்க வேண்டும். வெந்நீர் குடிக்க வேண்டும். கத்திப் பார்க்கக் கூடாது. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் சொன்னாலே பின்வரிசைக்குக் கேட்கும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில்தான் வருகிறது என்பதால், இறுதியை விழுங்குகிறவர் என்ன நடந்தது என்பதையே விழுங்கிவிடுகிறார்.

பாட்டில் ஆண்கள் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று தமக்கு வசதியான சுருதியில் தொடங்கிவிட்டு, பிள்ளைகள் சேர்ந்து பாடவில்லையே என்று வருந்துவார்கள். பிள்ளைகளின் குரல் அதற்கு எட்டாது; அந்தக் கீழ்ச் சுருதி அவர்களுக்குப் பேச்சைப்போல் அமுங்கிப்போகும். எங்கள் குழுவில் பாட்டைப் பெண்குரல் எடுத்துக்கொடுக்கும். ஆண்கள் ஒரு ஸ்தாயி இறங்கிச் சேர்ந்துகொள்வோம். பாட்டு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு வரியை நாம் பாட, கடைசி வரியை மட்டும் அவர்கள் திருப்பிச் சொல்லும்படி அமைத்தால், மூன்றாம் முறை முழுப் பாட்டும் அவர்களுடையதாகிவிடும். கும்மி மெட்டு, தாலாட்டு மெட்டு, நடவுப்பாட்டு மெட்டு என்று அவர்கள் காதில் ஏற்கெனவே இருக்கும் மெட்டாக இருந்தால் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வெயிலை முதலில் பாருங்கள். சூரியன் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், நம் கண்ணில் அடிக்க வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்துவிட்டு, பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சலிப்பு என்று தவறாக நினைக்கிறார்கள். வேப்பமரம், புங்கமரம் இருந்தால் நிழலைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கோலமாவால் தரையில் அரைவட்டமாக ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் நீங்கள் உட்காரும் இடம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், முன்வரிசை நகர்ந்து நகர்ந்து காலடிக்கு வருவது குறையும். குட்டிப் பிள்ளைகள் முன்னால், பெரிய பிள்ளைகள் பின்னால். சத்துணவுக்கு முந்திய அரைமணி நேரத்தில் ஆட ஒப்புக்கொள்ளாதீர்கள். பசித்த பிள்ளைக்குக் கதை வேண்டாம்.

அச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் இதில்தான் பிள்ளைகளைப் புண்படுத்திவிடுகிறார்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு முகமூடி போட்ட மனிதன் மனிதன் அல்லன். திடீரென்று பின்பக்கமிருந்து உறுமிக்கொண்டு ஓடிவரும் பூதத்தைக் கண்டு அது அழுதால், அது நடிப்பின் வெற்றி என்று மகிழ்கிற நடிகர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கூத்துக்காரர்கள் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள். வேடம் கட்டியவர் நேரே வந்து நிற்பதில்லை. இருவர் ஒரு துணித்திரையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று பாடுவார், கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கை கேட்கும், பிறகுதான் திரை விலகும். நாங்கள் அதையே ஒரு வேட்டியை வைத்துச் செய்கிறோம். முதலில் புலியின் வால் மட்டும் எட்டிப்பார்க்கும். பிள்ளைகள் அது யாருடைய வால் என்று பேசிக்கொள்வார்கள். அப்புறம் ஒரு கை. பெயரை அவர்களே சொன்ன பிறகுதான் முகம். மிகச் சிறிய பிள்ளைகள் இருந்தால், நடிகர் தம் முகத்தோடு வந்து வணக்கம் சொல்லி, அவர்கள் கண்ணெதிரிலேயே முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்வார். பார்க்கப் பார்க்க மாறியவரிடம் பிள்ளைக்குப் பயம் குறைவு. அப்படியும் ஒரு குழந்தை அழுதால் அந்தப் பக்கம் போகாமல் மறுபக்கம் விலகி ஆடுங்கள். சமாதானப்படுத்தப் புலி வேடத்தோடு அருகில் போனால் அழுகை கூடத்தான் செய்யும்.

ஒப்பனையில் எனக்கு ஒரு வருத்தமான அனுபவம் உண்டு. ஆரம்ப காலத்தில் ஓர் அரக்கன் வேடத்துக்கு நான் முகம் முழுவதும் கறுப்பு மை பூசிக்கொண்டு ஆடினேன். அரக்கனுக்கு ஒரு பெயரும் இருந்தது. பிள்ளைகள் மிகவும் சிரித்தார்கள். இரண்டு மாதம் கழித்து வேறொரு வேலையாக அதே பள்ளிக்குப் போனபோது, வகுப்பிலேயே கறுப்பாக இருந்த ஒரு சிறுமியை மற்றப் பிள்ளைகள் அந்த அரக்கனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அதற்குத் திரும்பிப் பார்க்கவும் பழகியிருந்தாள். அன்றைக்கு மறுநாள் நாங்கள் உட்கார்ந்து எங்கள் எல்லா நாடகங்களையும் எடுத்துப் படித்துப் பார்த்தோம். கறுப்பு, குண்டு, திக்குவாய், ஒன்றரைக்கண், நொண்டி நடை என்று சிரிப்புக்காக வைத்திருந்த இடங்களெல்லாம் போயின. எங்கள் அரக்கனுக்கு இப்போது பச்சையும் மஞ்சளும் கலந்த முகம். இலைகளைப் போட்டு நெய்த மீசை. பிள்ளைகள் சிரிப்பதில் ஒரு குறையும் இல்லை. புதிதாக நாடகம் எழுதும்போதும் எடுக்கும்போதும், நாளைக் காலை இந்த வரியை எந்தப் பிள்ளையின் மேல் மற்றவர்கள் ஒட்டவைக்க முடியும் என்று கேட்டுப் பாருங்கள்.

பூசுவதற்கு முன் முகத்தில் தேங்காயெண்ணெய் மெல்லியதாகத் தடவிக்கொண்டால் அரிதாரத்தைத் துடைத்தெடுப்பது எளிது. புதிய வண்ணத்தை முந்தின நாளே முழங்கையின் உட்பக்கம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். உடை விஷயத்தில் குறைவாக இருப்பதே நிறைவு. ஒரே துண்டு தலையில் கட்டினால் கிழவன், தோளில் சாய்த்தால் கைக்குழந்தை, இருவர் இரு முனையைப் பிடித்து ஆட்டினால் ஆறு, முகத்திலிருந்து தொங்கவிட்டால் தும்பிக்கை. துண்டைத் துண்டாகப் பார்த்துக்கொண்டே யானையாகவும் பார்க்கத் தெரிந்தவர்கள் பிள்ளைகள்; அட்டையிலும் பஞ்சிலும் யானையைச் செய்து கொண்டுவந்து அவர்கள் வேலையை நாம் பறிக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளை மேடைக்கு அழைக்கும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. அழைப்பதாக இருந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். 'எனக்கு ஒரு மரம் வேண்டும், மரமாக நிற்க யார் வருகிறீர்கள்?' என்று பொதுவாகக் கேட்டு, கை தூக்கியவர்களிலிருந்து மட்டும் அழையுங்கள். ஒருவரைவிட நான்கைந்து பேராக அழைத்தால் கூச்சம் பங்குபோட்டுக்கொள்ளப்படும். வந்த பிள்ளை தடுமாறினால் அதை வைத்துக் கூட்டத்தைச் சிரிக்கவைப்பது பெரும் பாவம். ஒரு நொடிச் சிரிப்புக்காக அந்தப் பிள்ளை பல ஆண்டுகளுக்கு மேடைப் பக்கம் வராமல் போகலாம். தோளைத் தொடுவதற்குக்கூட அதன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். உடை மாற்றும் இடத்துக்குப் பிள்ளைகள் வரக்கூடாது. எந்த நடிகரும் எந்தப் பிள்ளையோடும் தனித்திருக்கக் கூடாது. ஆட்டம் முழுவதும் ஆசிரியர் ஒருவராவது உடனிருக்க வேண்டும். பள்ளியின் அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தைப் பற்றிக் குழுவில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே பேசிவிடுகிறோம். இதில் யாரும் சங்கடப்படத் தேவையில்லை.

ஆட்டம் முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வேடத்தோடு அப்படியே கோலக்கோட்டைத் தாண்டி வந்து தரையில் உட்காருங்கள். பிள்ளைகள் சுற்றி வந்து வாலைத் தொட்டுப் பார்ப்பார்கள், "நீங்க எங்கே தூங்குவீங்க?" என்று புலியிடம் கேட்பார்கள். அந்தக் கேள்வி நடிகரிடமா புலியிடமா என்பதைக் கேட்கிற குரலிலிருந்தே கண்டுகொள்ளலாம். புலியிடம் என்றால் புலியாகவே பதில் சொல்லுங்கள். கதையின் நீதி என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். உடனே கைகட்டி எழுந்து நின்று நாம் விரும்பும் பதிலைச் சொல்லிவிடுவார்கள். எந்த இடம் பிடித்தது என்று கேட்டால் நாம் நினைத்தே பார்க்காத ஓர் இடத்தைச் சொல்வார்கள். பிறகு அவர்கள் எதிரிலேயே எண்ணெய் தொட்டு முகத்தைத் துடையுங்கள். பாதித் துடைத்த முகத்தைப் பார்ப்பது அவர்களுக்கு இன்னொரு நாடகம்.

திரும்பும் பேருந்திலேயே, மறப்பதற்குள், ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். எங்கள் நோட்டில் பள்ளிப் பெயர் இருக்காது. தேதி, எத்தனை பிள்ளைகள், எந்த வட்டத்தில் என்ன பதில் வந்தது என்பவை மட்டும் இருக்கும். சென்ற மாதம் எழுதியது இது. புலி வழக்கம்போல் முயல் வந்ததா என்று கேட்டது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தது என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. "உனக்குப் பசிச்சா எங்க ஸ்கூல்ல முட்டை போடுவாங்க, வா" என்றாள். புலியாக நின்றிருந்தவருக்கு மூன்று வரிகளுக்குள் கதைக்குத் திரும்ப முடியவில்லை. வரும் சனிக்கிழமை ஒத்திகையில் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறோம். கீழே உட்கார்ந்து முட்டை தருவதாகச் சொல்பவன் நான்.